தருமர் கேட்க நினைத்தது

கேள்வி: ஐயா, எனக்குச் சொந்த ஊர் செய்யாறு பக்கம். மகனுடைய வேலை காரணமாக இப்போது புனேயில், கட்கியில் இருக்கிறோம். எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைப்பார்கள். பகலில் பிரசங்கம், ராத்திரி கூத்து, கடைசியில் படுகளம், தீமிதி, அப்புறம் தருமர் பட்டாபிஷேகம். நான் அறிந்த பாரதம் அதோடு சரி. இங்கே வந்தபின் பொழுது கிடைத்ததால் பதினெட்டுப் பர்வத்தையும் உரைநடையில் படித்து முடித்தேன். கடைசியில் மனசு விட்டுப்போயிற்று. பனிமலையில் திரௌபதி முதல் ஆளாக விழுந்து சாகிறாள். துரியோதனன் சொர்க்கத்தில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறான். இதற்கா இத்தனை பாடு? இப்படி முடிப்பதற்குப் பட்டாபிஷேகத்தோடு விட்டிருக்கலாமே என்று தோன்றுகிறது. ஏமாற்றுகிற முடிவு மோசமா, முடியாமல் நின்ற கதை மோசமா?

— ஒரு வாசகி, கட்கி, புனே

பதில்: முடியாமல் நின்ற கதைதான் மோசம். என் தீர்ப்பு இது. காரணத்தைச் சொல்வதற்கு முன்னால் உங்கள் கோபத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது நியாயமான கோபம். பாரதத்தின் முடிவைப் பார்த்து முதலில் கோபப்பட்டவரே தருமர்தான்.

சுவர்க்காரோகண பர்வம் மிகச் சிறியது. இவ்வளவு பெரிய நூல் ஐந்தே அத்தியாயத்தில் தன் கதையை முடித்துக்கொள்கிறது. தருமர் உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுபவன் துரியோதனன்; சூரியனைப் போல ஒளி வீச ஆசனத்தில் இருக்கிறான். போரில் அஞ்சாமல் நின்று உயிர்விட்டதால் அவனுக்கு அந்த இடம் என்று நாரதர் விளக்குகிறார். தருமருக்கு அந்த விளக்கம் ஏறவில்லை. என் தம்பிகள் எங்கே, கர்ணன் எங்கே, அவர்கள் இருக்கும் இடமே எனக்குச் சொர்க்கம் என்கிறார். தேவதூதன் ஒருவன் அவரைக் கூட்டிக்கொண்டு போகிறான். வழியெல்லாம் இருட்டு, பிண நாற்றம், மயிரும் சதையும் கலந்த சேறு, மொய்க்கிற ஈ. நாற்றம் தாங்காமல் தருமர் திரும்பப் பார்க்கிறார். அப்போது நாலு பக்கமும் குரல்கள் எழும்புகின்றன: கொஞ்சம் நில்லுங்கள், நீங்கள் வந்ததும் இங்கே இதமான காற்று வீசுகிறது, போய்விடாதீர்கள் என்று. யார் நீங்கள் என்று கேட்கிறார். நான் கர்ணன், நான் பீமன், நான் அர்ஜுனன் என்று ஒவ்வொருவராகச் சொல்கிறார்கள். திரௌபதியும் அங்கேதான் இருக்கிறாள்.

தருமர் அந்த இடத்தில் தேவர்களையும் நிந்திக்கிறார், தருமத்தையும் நிந்திக்கிறார். ஆயுள் முழுக்க எதைப் பிடித்துக்கொண்டு நடந்தாரோ அதையே. நீ போகலாம், நான் இங்கேயே இருக்கிறேன் என்று தூதனிடம் சொல்லிவிடுகிறார். பாரதத்தில் தருமர் எடுத்த முடிவுகள் பல எனக்கு ஒப்பாதவை. இந்த ஒன்றில் அவர் காலைத் தொட்டுக் கும்பிடலாம்.

பிறகு இந்திரன் வருகிறான், இருள் விலகுகிறது, எல்லாம் மாயை என்கிறான். துரோணரிடம் அசுவத்தாமனைப் பற்றிச் சொன்ன பொய்க்காக நரகத்தை ஒரு முறை பார்க்க வேண்டியிருந்தது என்கிறான். தருமர் ஆகாய கங்கையில் முழுகி மனித உடலை விடுகிறார். எல்லோரும் ஒளியோடு இருப்பதைக் காண்கிறார். இந்த மாயை விளக்கம் உங்களுக்குத் திருப்தி தந்திருக்காது. எனக்கும் தரவில்லை. ஆனால் அதற்கு அடுத்து வருகிற ஓர் இடத்தை நீங்கள் வேகத்தில் தாண்டிப் போயிருக்கக்கூடும்.

தாமரை மாலை சூடி நிற்கும் திரௌபதியைப் பார்த்ததும், தருமர் சட்டென்று அவளிடம் ஒன்று கேட்க விரும்பினார் என்று வருகிறது. அவ்வளவுதான். அவர் வாய் திறப்பதற்குள் இந்திரன் பேச ஆரம்பித்துவிடுகிறான். இவள் திருமகள், உங்களுக்காகப் பூமியில் பிறந்தவள் என்று வரலாறு சொல்கிறான். கேள்வி அப்படியே நின்றுபோகிறது. தருமர் என்ன கேட்க நினைத்தார் என்று நூல் சொல்வதே இல்லை.

பனிமலையில் அவள் விழுந்தபோது திரும்பிப் பார்க்காமல் நடந்தவர் அவர். அவள் ஏன் விழுந்தாள் என்று பீமன் கேட்டதற்கு, அர்ஜுனன்மேல் அவளுக்குப் பட்சம் அதிகம் என்று காரணமும் சொன்னவர். அதற்கும் வெகுகாலம் முன்பு சூதாட்ட மண்டபத்தில் அவள் ஒரு கேள்வி கேட்டாள்: முதலில் தன்னைத் தோற்றாரா, என்னைத் தோற்றாரா? பீஷ்மராலும் அதற்கு முடிவான பதில் சொல்ல முடியவில்லை. சபையில் அவள் கேட்டதற்குத் தீர்ப்பு இல்லை. சொர்க்கத்தில் அவர் கேட்க நினைத்ததற்கு வாய்ப்பு இல்லை. கூத்து மேடையில் நீங்கள் பார்த்து வளர்ந்த புருஷன்-பெண்டாட்டி கதை இங்கேதான் முடிகிறது. பட்டாபிஷேகத்தோடு விட்டிருந்தால் இது நமக்குக் கிடைத்திருக்காது.

முடிந்த கதைக்கு மட்டுமே இப்படி ஓர் இடத்தைக் காலியாக விட முடியும். சொல்லாமல் விட்டவர் தெரிந்தே விட்டார் என்று நாம் நம்பலாம். அதன்மேல் நின்று யோசிக்கலாம், சண்டை போடலாம். நின்றுபோன கதையில் அந்த நம்பிக்கைக்கு இடமில்லை. அங்கே இருக்கிற வெற்றிடம் ஆசிரியர் வைத்ததா, சாவு வைத்ததா என்று எப்படிப் பிரிப்பது?

நீங்கள் இப்போது இருக்கிற நகரத்திலேயே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. புதுமைப்பித்தன் தன் கடைசிக் காலத்தில் புனேக்கு வந்து தங்கினார். தியாகராஜ பாகவதர் சிறையிலிருந்து விடுதலையான பின் எடுத்த ‘ராஜமுக்தி’ படத்துக்கு வசனம் எழுத வந்தது. அங்கிருந்து மனைவி கமலாவுக்குக் கடிதங்கள் எழுதிக்கொண்டிருந்தார். காசநோய் முற்றியது புனேயில்தான். உடம்பு தேறாமல் திருவனந்தபுரம் போய்ச் சேர்ந்தார். 1948 ஜூன் 30 இல் இறந்தார். வயது 42. அந்தப் படமும் ஓடவில்லை. அவர் தொடங்கி முடிக்காமல் போன நாவல் ‘அன்னை இட்ட தீ’. 1998 இல் அதே பெயரில் ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்த தொகுப்பில் கிடைக்கிறது. படித்துப் பாருங்கள். நின்ற இடத்தில் நமக்குக் கோபம்கூட வராது. யாரிடம் கோபப்படுவது? கதை எந்தத் திசையில் போயிருக்கும் என்று ஊகிக்கலாம். அந்த ஊகம் நம்முடையதுதான், அவருடையது ஆகாது. பாரதியின் ‘சந்திரிகையின் கதை’யும் அப்படித்தான், 1921 இல் அவரோடு நின்றது.

அதே புதுமைப்பித்தன் ஓர் ஏமாற்றமான முடிவை என்ன செய்தார் என்பதையும் பாருங்கள். ராவணவதம் முடிந்தபின் சீதை தீக்குளித்தது அவருக்கு ஒப்பவில்லை. 1943 இல் ‘சாப விமோசனம்’ எழுதினார். ராமன் காலடி பட்டுக் கல்லிலிருந்து எழுந்த அகலிகை, ராமனே சீதையைத் தீயில் இறங்கச் சொன்னான் என்று சீதை வாயாலேயே கேட்கிறாள். மறுபடியும் கல்லாகிறாள். தமிழில் எழுதப்பட்ட மிகச் சிறந்த சிறுகதைகளில் ஒன்று என்று தயங்காமல் சொல்வேன். ராமாயணம் அந்த முடிவை எழுதி வைத்திராவிட்டால் இந்தக் கதை பிறந்திருக்காது. ஏமாற்றமான முடிவோடு ஒருவர் வழக்காடலாம், வழக்கில் ஜெயிக்கவும் செய்யலாம்.

கல்கி இரண்டையும் பார்த்தவர். ‘பொன்னியின் செல்வன்’ 1954 இல் முடிந்தபோது, சட்டென்று முடித்துவிட்டீர்களே என்று வாசகர்கள் குறைப்பட்டார்கள். அவர் ஒரு முடிவுரை எழுதிப் பாத்திரங்கள் பின்னால் என்ன ஆனார்கள் என்று சொல்ல வேண்டியதாயிற்று. ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று இன்றைக்கும் தமிழர்கள் விவாதிக்கிறார்கள். விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’ என்று தொடர்ச்சியே எழுதினார். அதே ஆண்டு டிசம்பரில் கல்கி இறந்தபோது ‘அமரதாரா’ பாதியில் நின்றது. மகள் ஆனந்தி அப்பாவின் குறிப்புகளை வைத்து முடித்துக் கொடுத்தார். அது பெரிய காரியம். ஆனாலும் அமரதாராவின் முடிவைப் பற்றி யாரும் ராத்திரி விழித்திருந்து சண்டை போட்டதை நான் கண்டதில்லை.

வில்லிபுத்தூராரைக் கேட்பீர்கள். உங்கள் ஊர்ப் பிரசங்கியார் சொன்ன பாரதம் அவருடையதாகவே இருக்கும். பத்துப் பருவம், நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள், போர் முடிவோடு நிறுத்திவிட்டார். பிற்பாடு 18 ஆம் நூற்றாண்டில் நல்லாப்பிள்ளை என்பவர் வில்லியின் பாடல்களையும் உள்ளே சேர்த்துக்கொண்டு பதினெட்டுப் பருவத்தையும் ஏறத்தாழ 14,000 பாடல்களில் பாடி முடித்தார். ஊர் எடுத்துக்கொண்டது வில்லியைத்தான். முடியாததுதானே ஜெயித்தது என்று நீங்கள் கேட்கலாம். அப்படி நான் எண்ணவில்லை. வில்லி நிறுத்திய இடம் ஒரு நல்ல துறை. படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன் தொடையில் அடி விழுகிறது, திரௌபதி கூந்தல் முடிகிறாள், சபதம் நிறைவேறுகிறது. அந்த அம்மனைக் கும்பிடுகிற ஊருக்கு அது முழுமையான முடிவு. பாரதி பாஞ்சாலியின் சபதத்தோடு நிறுத்தினாரே, அதையும் நாம் அரைகுறை என்று சொல்வதில்லை. நம் வீடுகளில் ராமாயணப் பாராயணத்தைப் பட்டாபிஷேகத்தோடு நிறுத்துகிறார்கள். உத்தர காண்டம் இருப்பது தெரிந்தே நிறுத்துகிறார்கள். ஆகவே உங்கள் ஊர்ப் பாரதத்தை நீங்கள் கைவிட வேண்டியதில்லை. அதுவும் முடிந்த கதைதான்.

ஆனால் எல்லா ஏமாற்றத்தையும் நான் ஆதரிப்பதாக நினைக்காதீர்கள். கதைக்குள் எங்குமே இல்லாத ஒன்றைக் கடைசியில் கொண்டுவந்து ஒட்டி, அதுவரை படித்ததையும் பொய்யாக்குகிற முடிவுகள் உண்டு. தொடர்கதையிலும் சினிமாவிலும் நிறையப் பார்த்திருக்கிறோம். பாரதம் அப்படிச் செய்யவில்லை. வெற்றி எப்படி வந்தது என்று எண்ணிப் பாருங்கள்: பீஷ்மர் எதிரில் சிகண்டி, துரோணரிடம் பொய், தேர்ச் சக்கரம் புதைந்த நேரத்தில் கர்ணன்மேல் அம்பு, இடுப்புக்குக் கீழே துரியோதனனுக்கு அடி. அதற்கான கணக்கு போர் முடிந்த அன்று ராத்திரியே தொடங்குகிறது. தூங்கிக்கொண்டிருந்த திரௌபதியின் பிள்ளைகளை அசுவத்தாமன் கொல்கிறான். மௌசல பர்வத்தில் கண்ணன் ஒரு வேடன் அம்பில் சாகிறான். துவாரகைப் பெண்களை அழைத்துக்கொண்டு வரும் அர்ஜுனனை வழிப்பறிக்காரர்கள் மறிக்கிறார்கள்; காண்டீபத்தை நாணேற்றவே அவன் திணறுகிறான், அஸ்திரம் எதுவும் நினைவுக்கு வரவில்லை. இவ்வளவுக்கும் பிறகு அந்த நரகத்தைக் காட்டாமலே எல்லோரும் சொர்க்கத்தில் சுகமாக இருந்தார்கள் என்று முடித்திருந்தால், அந்தப் பொய்யைத்தான் நான் மன்னித்திருக்க மாட்டேன்.

புனேயில் இருக்கிறீர்கள் என்பதால் இன்னொன்று. 1917 இல் தொடங்கிய பண்டார்கர் கீழைக்கலை ஆய்வு நிறுவனம் உங்கள் நகரத்தில், லா காலேஜ் சாலையில் இருக்கிறது. மகாபாரதத்தின் செம்பதிப்பு வேலை 1919 இல் அங்கே ஆரம்பமாயிற்று. காஷ்மீர ஏடுகளிலிருந்து நம் பக்கத்துக் கிரந்த ஏடுகள் வரை 1,259 சுவடிகளை வரிக்கு வரி ஒப்பிட்டார்கள். விநாயகர் பாரதத்தை எழுதிய கதைகூடப் பின்னால் சேர்ந்தது என்று பிற்சேர்க்கைக்குப் போய்விட்டது. சுவர்க்காரோகணம் மூலத்திலேயே நின்றது. 1925 முதல் தலைமைப் பதிப்பாசிரியராக இருந்த வி. எஸ். சுக்தங்கர் ஆதி பர்வத்தையும் ஆரணிய பர்வத்தையும் முடித்தார். மகாபாரதத்தின் பொருள் பற்றி மும்பையில் நான்கு உரைகள் நிகழ்த்த ஒப்புக்கொண்டு மூன்றை நிகழ்த்தினார். நான்காவதற்கு முன் 1943 ஜனவரி 21 இல் இறந்துபோனார். எழுதி வைத்திருந்த நான்காவதையும் சேர்த்து அந்த உரைகள் 1957 இல் நூலாக வந்தன. பதிப்பு வேலையை பெல்வல்கரும் அவருக்குப்பின் பி. எல். வைத்யாவும் ஏற்றுக்கொண்டார்கள். 1966 இல் முடிந்தது. தொடங்கியவர்களில் பலர் அப்போது உயிரோடு இல்லை. யார் பெயருக்குப் புகழ் என்று பாராமல் ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் உட்கார்ந்து, உங்களை ஏமாற்றிய அந்தக் கடைசி அத்தியாயம் வரை கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

ஒன்று செய்யுங்கள். ஸ்திரீ பர்வத்திலிருந்து மறுபடி படிக்கத் தொடங்குங்கள். சாந்தியும் அனுசாசனமும் நீளம். இப்போதைக்குத் தாண்டிப் போனால் குற்றமில்லை. மௌசலத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். சுவர்க்காரோகணத்துக்கு வந்ததும் நான்காம் அத்தியாயத்தை நிதானமாக வாசியுங்கள். அப்போதும் கோபம் தீராவிட்டால் எனக்கு எழுதுங்கள்.