பள்ளித் திடலுக்கு அப்பால்

நுழையும்முன்

சாரணர் பயிற்சி பள்ளித் திடலில் தொடங்குகிறது. அது அங்கேயே முடிந்துவிட்டால் இழக்கப்படுவது என்ன? பட்டாசுத் தொழிலை நம்பி வாழும் சிவகாசி வட்டாரத்தை முன்வைத்து அதனை ஆராய்கிறது இப்பாடம்.

கரிசல் பூமியான சிவகாசி வட்டாரச் சிற்றூர்களில் ஒரு காலத்தில் விடியும் முன்பே பேருந்துகள் வந்து நிற்கும். உறக்கம் கலையாத சிறுவர் சிறுமியரை அவை தீப்பெட்டி, பட்டாசு ஆலைகளுக்கு ஏற்றிச் சென்றன. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10 அன்று வழங்கிய தீர்ப்பும், அரசும் தொண்டு அமைப்புகளும் ஆற்றிய பணிகளும், கல்வியின் பரவலும் அந்நிலையைப் பெரிதும் மாற்றின. அன்று ஆலைக்குச் சென்றோரின் பிள்ளைகள் இன்று பள்ளிக்குச் செல்கின்றனர். அவர்களுள் சிலர் சாரணர் சீருடையும் அணிகின்றனர். அவர்களை வெளியூர் முகாமுக்கு அழைத்துச் செல்லவும் ஒரு பேருந்துதான் வருகிறது. அதில் ஏற்றிவிடத்தான் பெற்றோர் தயங்குகின்றனர்.

அத்தயக்கத்தை அறியாமை என ஒதுக்குவது முறையன்று. அன்றாடக் கூலியில் வாழும் குடும்பத்திற்குச் சீருடைச் செலவும் வழிச்செலவும் சிறியன அல்ல. பெண்பிள்ளையை வெளியூரில் தங்கவைக்கும் அச்சமும் உண்டு. தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் ஆலைகளில் வேலை மிகும். அப்போது தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ள வீட்டில் மூத்த பிள்ளை வேண்டும். இச்சூழலில் ஒரு குழுவின் பயிற்சி கொடியேற்றம், முடிச்சுப் போடுதல், குடியரசு நாள் அணிவகுப்பு என்ற அளவில் நின்றுவிடுவது வியப்பன்று.

சாரணர் இயக்கமோ எல்லை கடந்து பழகுவதற்கென்றே தோன்றியது. 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரௌன்சி தீவில் பேடன் பவல் நடத்திய முதல் முகாமில் ஏறத்தாழ 20 சிறுவர்கள் பங்கேற்றனர். செல்வர் வீட்டு மாணவரும் உழைப்பாளர் வீட்டுச் சிறுவரும் அங்கு ஒன்றாகத் தங்கினர். 1909இல் இந்தியாவிற்கு வந்த அவ்வியக்கம் தொடக்கத்தில் இந்தியச் சிறுவர்களுக்குக் கதவடைத்தது. ஆள்வோர் பிள்ளைகளுக்கே உரிய விளையாட்டு எனக் கருதினர் போலும்! 1916இல் அன்னி பெசன்ட் சென்னையில் இந்தியச் சிறுவர்களுக்கெனச் சாரணர் சங்கம் கண்டார். தனித்தனியே இயங்கிய சங்கங்கள் 1950 நவம்பர் 7 அன்று ஒரே அமைப்பாக இணைந்தன. மறு ஆண்டு சாரணியரும் அதில் சேர்ந்தனர். போராடித் திறந்த கதவு அது.

கதவுக்கு அப்பால் கிடைப்பது யாது? 2025ஆம் ஆண்டு சனவரி இறுதியில் மணப்பாறையில் சாரணர் வைரவிழாப் பெருந்திரளணி நடைபெற்றது. பல மாநிலங்களிலிருந்தும் வந்த ஆயிரக்கணக்கான சாரண சாரணியர் அங்குக் கூடினர். இத்தகைய முகாமில் ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட ஓர் அணி தன் வேலைகளைத் தானே பகிர்ந்து செய்கிறது. பள்ளித் திடலில் கூடாரக் கயிறு தளர்ந்தால் இறுக்கிக்கட்ட ஆசிரியர் வருவார். முகாமில் நள்ளிரவில் அது தளர்ந்தால் எழ வேண்டியவர் அணித்தலைவரே. பக்கத்துக் கூடாரத்தாரிடம் கயிறு கேட்க வேண்டுமாயின் அவர் மொழி தெரியாது. கையசைவும் சிரிப்பும்தான் துணை.

சிவகாசிப் பிள்ளைகள் அங்குக் கற்க மட்டுமா செல்கின்றனர்? தீயின் இயல்பை அவர்களைப்போல் அருகிருந்து அறிந்தோர் குறைவு. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் நேர்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். முதல் வெடிப்பைக் கேட்டு உதவ ஓடியவரும் வேடிக்கை பார்க்கச் சென்றவரும் அடுத்த வெடிப்புகளில் சிக்கினர். இந்நிகழ்வை அறிந்த மாணவிக்கு, ‘விபத்து நடந்த இடத்தை நெருங்காதே, கூட்டத்தை விலக்கு, தீயணைப்புத் துறைக்குச் சொல்’ என்பவை ஏட்டு விதிகள் அல்ல. தீக்காயத்தின் மீது மையோ பற்பசையோ மாவோ தடவாமல், குளிர்ந்த ஓடும் நீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும் என்பதை அவள் பிற மாவட்டத்து அணிகளுக்குச் செய்துகாட்டலாம். வெளியூரார் சிவகாசியை மத்தாப்பாக மட்டுமே அறிந்திருக்கின்றனர். அதன் விலையை அவளிடம் கேட்டறியட்டும்.

தொடக்கம் சிறிதாக இருக்கலாம். ஆண்டுதோறும் அக்டோபரில் உலகச் சாரணர்கள் வானொலி வழியாகவும் இணையம் வழியாகவும் உரையாடும் நிகழ்வு நடைபெறுகிறது. வானொலிவழிக் கூடல் 1958இல் தொடங்கியது. உரிமம் பெற்ற அமெச்சூர் வானொலி ஆர்வலர் ஒருவர் உதவினால், பள்ளி அறையில் இருந்தபடியே வேற்று நாட்டுச் சாரணரின் குரலைக் கேட்கலாம். அதைக் கேட்கப் பெற்றோரையும் அழைப்பது நன்று. அடுத்து, பக்கத்து ஊர்க் குழுவோடு செண்பகத்தோப்புக்கு ஒருநாள் நடைப்பயணம். பின்னர் மாவட்ட அளவிலான முகாம். முன்பு முகாம் சென்று திரும்பிய மூத்த மாணவி ஒருத்தி வீடு வீடாகச் சென்று பேசினால் தாய்மார் நம்புவர். சுற்றறிக்கை அந்நம்பிக்கையைத் தராது.

வெளியூர் சென்று கற்பது இம்மண்ணுக்குப் புதிதன்று. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று மீண்டதில்தான் சிவகாசியின் தொழில் வரலாறே தொடங்குகிறது. இதைத் தம் ஊர்ப் பெருமையாகச் சொல்லும் பெற்றோரிடம், பிள்ளையின் பயணத்திற்கான ஒப்புதலைக் கேட்பதற்கு ஏற்ற வேளையும் உண்டு. தீபாவளி முடிந்ததும் ஆலைகள் சில வாரங்கள் அடைத்திருக்கும். தாயும் தந்தையும் வீட்டில் இருப்பர்; ஒப்புதல் படிவத்தை ஒரு முறைக்கு இருமுறை படித்துப் பார்க்க அவர்களுக்கும் அப்போது பொழுது இருக்கும்.