ஓர் ஊரை ஆராய்ந்தவரும் உதவிப் பேராசிரியர் பதவியும்

கேள்வி: ஐயா, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சமூகவியலில் எம்.ஏ.யும் முனைவர் பட்டமும் பெற்றேன். நெட் தேர்விலும் தேறியுள்ளேன். கடலூர்த் துறைமுகத்தில் மீன் விற்கும் பெண்களைப் பற்றியது என் ஆய்வேடு. சில ஆண்டுகளாகக் கௌரவ விரிவுரையாளராக இருக்கிறேன். பல்கலைக்கழக உதவிப் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பிக்க விரும்புகிறேன். ஓர் ஊரை மட்டும் ஆராய்ந்தது குறையாகக் கருதப்படுமா? சிதம்பரத்திலேயே இடம் வரும்வரை காத்திருக்கலாமா? சிபாரிசு இல்லாதவர்களுக்கு வழி உண்டா?
– ஒரு வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: சகோதரி, தங்கள் முதற் கேள்விக்கே விரிவாக விடை கூற விரும்புகிறேன், ஏனெனில் மற்ற இரண்டும் பெரும்பாலும் விதிகளாலும் காலத்தாலும் நிர்ணயமாகிறவை, இதுவோ தங்கள் ஆராய்ச்சியின் மதிப்பைத் தாங்களே எவ்வாறு கருதுகிறீர்கள் என்பதைப் பற்றியது.

சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பொருளாதாரப் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1916-ஆம் ஆண்டில் தம் மாணாக்கரைக் கொண்டு சில கிராமங்களின் விவரங்களைத் திரட்டியபோது, அவற்றுள் ஒன்றாக அமைந்தது அன்றைய தென்னார்க்காடு ஜில்லாவின் இருவேல்பட்டு. அவ்விவரங்கள் 1918-இல் நூலாக வெளிவந்தன. பின்னர் 1930-களில் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும், 1980-களில் எஸ். குகனும் ஜோன் மெஞ்சரும், அதன்பின் 2008-இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் ஆகியோரும் அதே ஊரை மீண்டும் ஆராய்ந்ததனால், நிலவுடைமையும் கூலியும் சாதி அதிகாரமும் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டில் அடைந்த மாறுதல்களை நாம் ஓர் ஊரின் வாயிலாகவே அறிய முடிகிறது. சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் 1965-இல் வெளியிட்ட பிரசித்தமான நூலும் தஞ்சை ஜில்லாவின் ஒரே கிராமத்தைப் பற்றியதுதான். ஆகவே ஊர் சிறியது என்பதில் குறை ஏதுமில்லை. அந்த ஊரைக் கொண்டு எந்தப் பெரிய கேள்விக்கு விடை தேடினோம் என்பதைத் தெளிவாக எடுத்துரைக்காமல் விடுவதே குறை.

விண்ணப்பத்தோடு இணைக்கும் ஆராய்ச்சிக் குறிப்பில், 'மீனவப் பெண்களின் சமூகப் பொருளாதார நிலை' என்று எல்லோரும் எழுதுகிற தலைப்போடு நின்றுவிடாதீர்கள். விடியற்காலையில் ஏலத்தில் மீன் எடுக்க ஒருத்திக்கு முன்பணம் தருகிறவர் யார், அந்தப் பணம் உறவின் முறையில் வருகிறதா வட்டிக்கு வருகிறதா, 2004-ஆம் ஆண்டுச் சுனாமிக்குப் பின் வந்த நிவாரணமும் சுயஉதவிக் குழுக்களும் அக்கடன் பந்தத்தைத் தளர்த்தினவா இறுக்கினவா என்று முதற் பத்தியிலேயே கேள்வியை நிறுத்திவிட்டால், கடன், உழைப்பு, பாலினம், சாதி ஆகிய நான்கு துறைகளிலும் தங்களால் பாடம் நடத்த முடியும் என்பதை வாசிப்பவர் தாமாகவே உணர்வார்.

இனி விதிகள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, முதுகலையில் 55 சதவீதமும் நெட் அல்லது மாநிலத் தகுதித் தேர்வில் தேர்ச்சியும் வேண்டும். உரிய விதிகளின்படி பெற்ற முனைவர் பட்டம் உள்ளவர்களுக்குத் தேர்விலிருந்து விலக்கு உண்டு. நேர்முகத்துக்கு அழைப்பதற்காக 100 மதிப்பெண் கொண்ட ஓர் அட்டவணையும் உண்டு. அதில் முக்கியமாக, முனைவர் பட்டத்துக்கு 30, முதுகலைக்கு உயர்ந்தபட்சம் 25, இளங்கலைக்கு 15 வரை, நெட் தேர்ச்சிக்கு 5, கட்டுரை ஒன்றுக்கு 2 வீதம் 10 வரை, அனுபவத்துக்கு ஆண்டுக்கு 2 வீதம் 10 வரை. கட்டுரைக்கென்று பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் சஞ்சிகைகளை அடியோடு தவிர்த்துவிடுங்கள். நிபுணர் மதிப்பீட்டுக்குப் பின் வெளியாகும் இரண்டு கட்டுரைகள் தங்கள் பெயரைக் காப்பாற்றும். கௌரவ விரிவுரையாளர் அனுபவம் எவ்வாறு கணக்கிடப்படும் என்பது அந்தந்த அறிவிக்கையின் வாசகத்தைப் பொறுத்தது. ஆதலால் சேர்ந்த நாள், நடத்திய பாடங்கள், வார நேரம், பெற்ற ஊதியம் யாவும் கண்ட சான்றிதழை இப்போதே வாங்கி வையுங்கள். 2025 ஜனவரியில் குழு புதிய வரைவு விதிகளை வெளியிட்டிருப்பதால், எந்த ஆண்டின் விதி பொருந்தும் என்பதை ஒவ்வொரு அறிவிக்கையிலும் முதலில் பாருங்கள்.

சிதம்பரத்துக்காகக் காத்திருக்கலாகாது என்பதே என் திடமான அபிப்பிராயம். 1929-இல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் அங்கே நிறுவிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் நிதி நெருக்கடியில் வீழ்ந்து, 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அரசின் பொறுப்புக்கு வந்தபோது, தேவைக்கு மிகுதியாக ஆசிரியர் இருப்பதாகக் கண்டு, அவர்களுள் பலரை அரசுக் கல்லூரிகளுக்கு அனுப்ப நேர்ந்தது. அப்படிப்பட்ட இடத்தில் ஒரே துறையில் ஒரு காலியிடம் வரும் நாளை நம்பி வயதைக் கழிப்பது தங்கள் கல்விக்கு இழைக்கும் அநீதி. திருச்சி பாரதிதாசன், சேலம் பெரியார், திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகங்களிலும் புதுச்சேரியிலும் சமூகவியல் துறைகள் உள்ளன. புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகம். தாங்கள் பிற்படுத்தப்பட்ட வகுப்பினராயின் அங்கே தமிழ்நாட்டுச் சாதிச் சான்றிதழ் மட்டும் போதாது, மத்திய அரசின் படிவத்தில், வளமான பிரிவில் சேராதவர் என்று தாசில்தார் தரும் சான்று வேண்டும். தங்கள் சாதியின் பெயர் மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சிபாரிசைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். மேற்சொன்ன மதிப்பெண்கள் அழைப்புக்கு மாத்திரமே. நியமனம் நேர்முகத் தேர்வைப் பொறுத்தது என்றே விதி கூறுகிறது. மனிதர் தீர்ப்பே முடிவாகும் இடத்தில் பாரபட்சம் நுழையவே நுழையாது என்று நான் உறுதி கூற முடியாது. ஆயினும் பாடத்தில் ஐயமற நிற்பவரை நிராகரிப்பது எவருக்கும் எளிதன்று. சமூகவியல் அறிஞர் துர்க்கைம் 1897-இல் தற்கொலையைப் பற்றி எழுதிய நூலை முதலாண்டு மாணவர்களுக்குப் பத்து நிமிஷத்தில் விளக்கச் சொன்னால், தமிழிலும் ஆங்கிலத்திலும் தடுமாற்றமின்றி விளக்கும் பயிற்சியைக் கைக்கொள்ளுங்கள். முடிவு வந்தபின் தங்கள் மதிப்பெண்ணை 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேட்டுப் பார்க்கலாம். பதவிக்கென்று எவரேனும் பணம் கேட்டால், அவர் எத்தனை பெரியவராயினும், ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். நகையை அடகு வைத்துக் கொடுத்து, வேலையும் கிட்டாமல் பணமும் மீளாமல் தவிக்கும் குடும்பங்கள் நம் ஜில்லாவில் இனியும் பெருக வேண்டாம்.

தங்கள் முனைவர் பட்டம் மானியக் குழுவின் விதிமுறைப்படி வழங்கப்பட்டது என்பதற்குப் பதிவாளர் தரும் சான்றைப் பல அறிவிக்கைகள் கேட்கின்றன. கடைசி நாள் நெருங்கியபின் அதற்காக அலையாமல், இந்த வாரமே அண்ணாமலைநகர் சென்று மனுக் கொடுத்துவிடுங்கள்.