பெற்றோல் காரா, ஹைபிரிட் காரா?

2020ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் அநுமதிக்கப்பட்டதிலிருந்து, விடைபெறும் பெற்றோல் காரை இப்பொழுதே வாங்குவதா, அதன் ஹைபிரிட் வாரிசுக்குக் காத்திருப்பதா என்னும் விசாரம் கண்டிவாசிகள் பலருக்கு உண்டாகியிருக்கிறது. நமக்கு மலைப்பாதையே இதை நிர்ணயிக்க வேண்டும்.

பேராதனை வீதி நெரிசலில் அன்றாடம் ஊர்ந்தும், கடுகண்ணாவைச் சரிவில் அடிக்கடி இறங்கியும் பிரயாணஞ்செய்பவர் காத்திருப்பதே உத்தமம் என்பது என் அபிப்பிராயம். ஏனெனில், பிரேக் பிடிக்கையில் வெப்பமாய் வீணாகும் சக்தியில் ஒரு பகுதியை ஹைபிரிட் கார் பற்றரியில் சேமித்து, நின்று நின்று நகரும் வேளையில் அதனையே செலவிடுகிறது. நெடுஞ்சரிவில் பற்றரி நிரம்பிவிட்டால் அச்சேமிப்பு நின்றுபோகுமாதலின், பிரியஸ், அக்குவா போன்றவற்றில் கியரை ‘பி’ நிலைக்கு மாற்றி, எஞ்சினின் தடையாலும் வேகத்தைக் கட்டுப்படுத்துதல் அவசியம்.

காத்திராமல் பாவித்த ஹைபிரிட்டை வாங்குவோர் பற்றரிப் பரிசோதனை அறிக்கையைத் தவறாது கேட்டுப் பெறுக. பின்னிருக்கையருகே பற்றரியைக் குளிர்விக்கும் காற்றுத் துவாரம் தூசியடைந்திருக்கிறதா என்றும் பார்க்க. எப்பொழுதாவது மாத்திரம் கார் எடுப்பவர், தயங்காமல் பெற்றோல் காரையே வாங்கலாம்.