தழைக்கும் மிளகுக்கொடி காய்க்காதது ஏன்?

கேள்வி: ஐயா, எங்கள் தென்னந்தோப்பில் மரத்துக்கு ஒன்றாக மிளகுக்கொடி ஏற்றி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. தெரிந்தவர் தோட்டத்தில் உச்சியிலிருந்து தொங்கிய கொடிகளை வெட்டிவந்து நட்டோம். கொடி பச்சைப்பசேலென்று இருக்கிறது. ஆனால் மரத்துக்கு நாலைந்து சரம் வந்தாலே அதிகம். அதிலும் பாதி மணி பிடிப்பதில்லை. சமவெளியில் மிளகு வராது என்பது உண்மையா? உரத்தைக் கூட்டிப் போடலாமா?
– ஒரு வாசகி, பேராவூரணி

பதில்: சமவெளியிலும் மிளகு வரும். உங்களுக்கு அருகே, புதுக்கோட்டை மாவட்டம் வடகாடு வட்டாரத்தில் விளைவிக்கிறார்கள். உரத்தை மட்டும் கூட்டாதீர்கள். தழைச்சத்து மிகுந்தால் இலைதான் இன்னும் பெருகும். பார்க்க வேண்டியவை மூன்று: நாற்று, வெளிச்சம், தண்ணீர்.

முதலில் நாற்று. மிளகில் எல்லாக் கிளையும் ஒரே வேலை செய்வதில்லை. அடியிலிருந்து கிளம்பித் தரையில் படர்வது ஓடுகொடி. கணுவேர்களால் மரத்தைப் பற்றி ஏறுவது தாய்த்தண்டு. அதிலிருந்து பக்கவாட்டில் பிரிவதே காய்க்கும் கிளை. சரம் அதில்தான் வரும். பிடிமானம் இல்லாமல் உச்சியிலிருந்து தொங்குவது தொங்குகொடி. நீங்கள் நட்டது இதைத்தான். வேர் பிடிக்கும், மரமும் ஏறும். ஆனால் காய்ப்புக்கு வரத் தாமதமாகும், விளைச்சலும் குறையும். நன்றாகக் காய்க்கும் தாய்க்கொடியின் ஓடுகொடியே நாற்றுக்கு ஏற்றது. அது மண்ணில் வேர்விடாதபடி ஒரு குச்சியில் சுற்றி வைத்து, பிப்ரவரி–மார்ச்சில் இரண்டு, மூன்று கணுக்களாக நறுக்கிப் பையில் வேர்விடச் செய்ய வேண்டும்.

காய்க்கும் கிளையை வேர்விடச் செய்தால் அது மரம் ஏறாது. புதராக நின்று தொட்டியிலேயே காய்க்கும். மொட்டைமாடிக்கு அது போதும், தோப்புக்கு ஆகாது.

அடுத்தது வெளிச்சம். மிளகுக்கு இளநிழல் பிடிக்கும், அடர்நிழல் ஆகாது. அடர்நிழலில் சரத்தின் எண்ணிக்கை குறையும். சரத்தில் பெண்பூக்கள் மிகுந்து, மகரந்தம் போதாமல் மணி பிடிக்காமலும் போகும். தென்னைக்கு இடையே வேறு மரங்கள் அடைத்துக்கொண்டிருந்தால் அவற்றைக் கவாத்து செய்யுங்கள். ரகமும் முக்கியம். உதிரங்கோட்டாவையும் செறியகாணியக்காடனையும் இணைத்து உருவாக்கிய பன்னியூர்-1, கேரளத்தில் 1971-ல் வெளியான ஒட்டுரகம். வெயில் விழும் இடத்தில் அள்ளித் தரும்; நிழலில் சுணங்கும். நிழல் மிகுந்த தோப்புக்குக் கரிமுண்டா பொருந்தும்.

மூன்றாவது தண்ணீர். மேற்குத் தொடர்ச்சி மலையில் கோடைமழை விழுந்ததும் கொடி துளிர்த்து, ஜூன்–ஜூலையில் சரம் விடும். மழைத்துளி சரத்தின் வழியே வழியும்போது மகரந்தத்தையும் கீழே இறக்கிக் கொண்டுபோகிறது. அந்த வேளையில் சில நாள் காய்ந்தாலும் சரம் உதிரும். உங்கள் ஊரில் தென்மேற்குப் பருவமழை குறைவு. எனவே ஜூன் முதல் மணி திரளும்வரை, வேருக்குப் பாய்ச்சுவதோடு நிற்காமல், தெளிப்புநீர்க் கருவியால் கொடியையும் நனைத்துவிடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் நிலைமை நேர்மாறு. அப்போது அடியில் தண்ணீர் தேங்கினால் பூஞ்சணத்தால் வரும் விரைவு வாடல் நோய், நன்றாக இருந்த கொடியைச் சில வாரங்களில் கொன்றுவிடும். வடிகால் எடுங்கள்; மழைக்கு முன் 1 சதவீத போர்டோ கலவை தெளியுங்கள்.

இருக்கும் கொடிகளைப் பிடுங்க வேண்டாம். இந்த ஆண்டு வெளிச்சத்தையும் நீரையும் சரிசெய்து பாருங்கள். அப்படியும் சரம் கூடாவிட்டால் ஓடுகொடி நாற்றுக்கு மாறுங்கள். நாற்று வாங்கும்போது ரகத்தின் பெயரோடு, எந்தக் கொடியில் எடுத்தது என்பதையும் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.