பாட்டுக்குப் பதில் பாட்டு

கேள்வி: முறிந்த காதலை வைத்து ராக் பாட்டுப் போடுகிறார்கள். அதில் திட்டு வாங்குபவருக்கும் ஒரு தரப்பு இருக்குமே, அது எங்காவது பாட்டாக வந்திருக்கிறதா?
– வாசகர், புளியங்குடி

பதில்: வந்திருக்கிறது. அதுவும் ஒரே இசைத்தட்டில்.

'ஃப்ளீட்வுட் மேக்' குழுவில் லிண்ட்சி பக்கிங்ஹாம் கிடார் வாசித்தார், ஸ்டீவி நிக்ஸ் பாடினார். இருவரும் நெடுநாள் காதலர்கள். 1976-இல் கலிபோர்னியாவின் சாசலிட்டோவில் 'ரூமர்ஸ்' தொகுப்புக்கு ஒலிப்பதிவு நடந்தபோது உறவு முறிந்துபோயிருந்தது. அந்தக் கோபத்தில் பக்கிங்ஹாம் எழுதியதுதான் 'கோ யுவர் ஓன் வே'. ஸ்டீவி வேறு ஆண்களை நாடியதாகக் குத்தும் வரி ஒன்று அதில் உண்டு. அது உண்மையல்ல, எடுத்துவிடு என்று அவர் கேட்டும் பக்கிங்ஹாம் மசியவில்லை. கொடுமை என்னவென்றால், மேடைக்கு மேடை அந்தப் பாட்டுக்குப் பின்குரல் கொடுத்தவரும் ஸ்டீவியேதான்.

அவர் சும்மா இருக்கவில்லை. பத்தே நிமிடத்தில் எழுதியதாக அவரே சொன்ன 'ட்ரீம்ஸ்' அதே தொகுப்பில் வந்தது. வசவு இல்லை, நிதானமான எச்சரிக்கை மட்டும். பக்கிங்ஹாமின் பாட்டு அமெரிக்கப் பட்டியலில் பத்தாம் இடத்தோடு நின்றது. 'ட்ரீம்ஸ்' 1977 ஜூனில் முதலிடத்தைப் பிடித்தது!

இதே பிரிவைப் பற்றி ஸ்டீவி எழுதிய 'சில்வர் ஸ்பிரிங்ஸ்' நீளம் காரணமாகத் தொகுப்பிலிருந்து வெட்டப்பட்டது. அதற்குக் கிடைத்த இடம், 'கோ யுவர் ஓன் வே' தட்டின் பின்பக்கம். இருபது ஆண்டுகள் கழித்து, 1997-இல் 'தி டான்ஸ்' நிகழ்ச்சியில், பக்கிங்ஹாமை நேருக்கு நேர் பார்த்தபடி அதைப் பாடித் தீர்த்தார்.

காதலில் தோற்ற ஆண் புலம்பும் நம் 'சூப் சாங்' வேறு ரகம். 2011-இல் தனுஷ் எழுதிப் பாடிய கொலவெறிப் பாட்டு '3' படத்துக்காகப் பிறந்தது. இவ்வகைப் பாட்டுகளில் திட்டு வாங்கும் பெண் பெரும்பாலும் வாயே திறப்பதில்லை. ஆனால் உங்கள் புளியங்குடிப் பக்கத்துச் சென்னிகுளத்துக்காரர் அண்ணாமலை ரெட்டியார், பத்தொன்பதாம் நூற்றாண்டுக் காவடிச்சிந்திலேயே, பிரிவில் தவிக்கும் தலைவியைத் தோழியிடம் புலம்ப விட்டிருக்கிறார். சினிமாக்காரர்கள் அவரைக் கொஞ்சம் புரட்டலாம்.

இன்னொன்று: காதலைப் பாடும் அகப்பாட்டில் ஆள் பெயர் சுட்டக்கூடாது என்பது தொல்காப்பியர் விதி. பக்கிங்ஹாமும் பெயர் சொல்லவில்லைதான். சொல்லாமலே உலகுக்குத் தெரிந்துபோனது. எலுமிச்சை மார்க்கெட்டில் நின்றால் பாதி ஊரைப் பார்த்துவிடக்கூடிய புளியங்குடியில், பெயரை மட்டும் மறைத்துத் தப்பிக்க முடியாது. இப்படிப் பாட்டு எழுதுகிறவர், குத்தும் அந்த ஒரு வரியை விட்டுவிடுவது நல்லது.