ஃபிரிட்ஜிலிருந்து தொடங்குங்கள்

பூமியின் வெப்பத்தைக் கொண்டு கட்டடங்களைச் சூடாக்கலாம், குளிர்விக்கலாம் என்று வகுப்பில் சொன்னதுமே பிள்ளைகள் எரிமலைக்குப் போய்விடுவார்கள். அது வேறு கதை. ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் நகர வீடுகளைச் சூடாக்குவது ஆழத்திலிருந்து வரும் வெந்நீர். ஆனால் பெரும்பாலான ஊர்களில் கட்டடத்துக்கு அடியில் இருப்பது சாதாரண மண்தான். அதை வைத்துக்கொண்டு இரண்டு வேலையும் எப்படி நடக்கிறது? பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குப் பல ஆண்டுகளாக வெப்ப இயக்கவியல் நடத்தியதில் எனக்குக் கைகொடுத்த வழியைச் சொல்கிறேன்.

"எல்லாக் கதவையும் சாத்திய அறையில் ஃபிரிட்ஜைத் திறந்து வைத்தால் அறை குளிருமா?" என்று கேளுங்கள். குளிரும் என்று பலர் கை தூக்குவார்கள். பதில் சொல்லாதீர்கள். ஃபிரிட்ஜின் பின்பக்கத்தையோ பக்கச் சுவரையோ வீட்டில் தொட்டுப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். உள்ளே எடுத்த சூட்டோடு கம்ப்ரசரின் சூட்டையும் சேர்த்து வெளியே தள்ளுகிறது. அறை சூடாகத்தான் ஆகும். இது பிடிபட்டால், மண்ணை வைத்து இரண்டு வேலையும் செய்யும் எந்திரமான ஹீட் பம்ப்பும் பிடிபட்டுவிடும். குளிர்காலத்தில் அது வெப்பத்தை மண்ணிலிருந்து எடுத்து வீட்டுக்குள் விடுகிறது, கோடையில் வீட்டிலிருந்து எடுத்து மண்ணுக்குள் விடுகிறது. ஒரு யூனிட் மின்சாரத்தில் மூன்று, நான்கு யூனிட் வெப்பம் கிடைக்கும் என்றதும், "ஆற்றல் அழிவின்மை விதி என்னாச்சு சார்?" என்று யாராவது கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நானே கேட்டுவிடுவேன். வெப்பத்தை அது உண்டாக்கவில்லை, இடம் மாற்றுகிறது.

இதற்கு மண் ஏன் கைகொடுக்கிறது என்று காட்ட, அடுத்து கிணறு. மார்கழி விடியலில் கிணற்றுத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும், சித்திரை மதியத்தில் சில்லென்று இருக்கும். வெப்பமானியோ இரண்டு மாதத்திலும் ஏறக்குறைய ஒரே அளவைக் காட்டும். சில மீட்டர் ஆழத்துக்குக் கீழே மண்ணின் வெப்பநிலை, அந்த ஊர்க் காற்றின் ஆண்டுச் சராசரியை ஒட்டியே இருப்பதுதான் காரணம். கிணறு இல்லாத பள்ளியில் மண்ணில் ஒரு பிவிசி குழாயை இறக்கி, வெப்பமானியை நூலில் கட்டி விடலாம். குமிழைச் சுற்றி மெழுகு பூசிவிடுங்கள். இல்லையென்றால் மேலே இழுப்பதற்குள் அளவு மாறிவிடும். மெழுகு இருப்பதால் நெடுநேரம் உள்ளேயே விட்டுவைக்கவும் வேண்டும்.

எடுத்துக்காட்டுக்கு நான் சொல்வது அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் மன்சி நகரிலுள்ள பால் ஸ்டேட் பல்கலைக்கழகம். அங்கே மண்ணோடு இணைந்த ஹீட் பம்ப்புக்கான வேலையை 2009இல் தொடங்கி, ஏறக்குறைய 3,600 துளைகள் போட்டு, நிலக்கரிக் கொதிகலன்களை மூடிவிட்டார்கள். துளைக்குள் யூ வடிவத்தில் குழாய் இறங்கி ஏறும், அதில் நீர் சுற்றிவரும். அவ்வளவுதான். நிலத்தடி நீரை வெளியே எடுப்பதில்லை என்பதை அழுத்திச் சொல்லுங்கள். போர் என்றாலே தண்ணீர் என்றுதான் நம் பிள்ளைகளுக்குத் தெரியும்.

இனி நம் ஊருக்கு வருவோம். இந்த இடத்தில் ஆசிரியர்கள் பூசி மெழுகக் கூடாது. சென்னையின் ஆண்டுச் சராசரியே 28 டிகிரிக்கு மேல். அங்கே மண் குளிர்ச்சியாக இருக்காது. இருந்தாலும் மே மாதத்தில் 40 டிகிரி காற்றில் சூட்டைக் கொட்டித் திணறும் ஏ.சி.யைவிட, 29 டிகிரி மண்ணில் கொட்டும் எந்திரத்துக்கு வேலை குறைவு. ஆனால் மன்சியில் கோடையில் உள்ளே போன வெப்பத்தைக் குளிர்காலத்தில் திரும்ப எடுத்துக்கொள்கிறார்கள். சென்னையில் எடுக்க ஆள் இல்லை; ஆண்டுதோறும் கொட்டிக்கொண்டே இருந்தால் துளையைச் சுற்றிய மண் சூடேறிக்கொண்டே போகும். ஊட்டியில் நிலைமை வேறு. அங்கே அறைக்கும் குளியலுக்கும் சூடு வேண்டும்.

செலவு பெரும்பாலும் துளை போடுவதில்தான். திருச்செங்கோட்டுப் போர் லாரியைப் பார்க்காத பிள்ளை நம் மாநிலத்தில் அரிது. அடிக்கு என்ன விலை என்று அந்த லாரிக்காரரிடமே கேட்டு வரச் சொல்லி, உங்கள் பள்ளிக் கட்டடத்துக்குக் கட்டுப்படியாகுமா என்று பிள்ளைகளையே கணக்குப் போட விடுங்கள்.