கொலம்பஸ் அண்ணைக்குப் புத்தூரிலிருந்து

அன்பின் அண்ணைக்கு,

உங்கள் கடிதமும் பழைய மாணவர் சங்கக் குழுவில் நடந்த வாக்குவாதத்தின் பிரதியும் கிடைத்தன. பள்ளிக்கூடக் கரப்பந்தாட்ட அணியில் வீட்டுக் கஷ்டத்தோடு விளையாடும் இரண்டு பொடியளுக்கு மாதாமாதம் ஒரு தொகை அனுப்பலாம் என்று ரொறன்ரோக்காரர் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் ஒரேயடியாக மறுத்திருக்கிறீர்கள். அமெரிக்காவில் கல்லூரிப் பொடியளின் கையில் காசு விழத் தொடங்கியதும் புட்போல் கெட்டுப்போனதை ஒஹாயோவில் இருந்து பார்க்கிறீர்கள், அந்த நோய் புத்தூருக்கும் வரவேண்டாம் என்பது உங்கள் வாதம். கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் நோயின் பெயரைப் பிழையாகச் சொல்லிவிட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

இங்கே வாசிப்பவர்களுக்காக ஒரு விளக்கம். இது நாங்கள் காலால் உதைக்கும் உதைபந்தாட்டம் இல்லை. தலைக்கவசம் போட்டு, பந்தைக் கையால் எறிந்து, ஆளோடு ஆள் மோதி விழுத்தும் அவர்களுடைய புட்போல். நீங்கள் போய்ப் பார்க்கும் ஒஹாயோ மைதானத்தில் 1,02,780 பேர் இருக்கலாம். யாழ்ப்பாண மாநகர எல்லைக்குள் குடியிருக்கும் அத்தனை சனத்தையும் கொண்டுபோய் இருத்தினாலும் கதிரைகள் மிஞ்சும். இவ்வளவு கூட்டமும் பார்ப்பது ஒரு பல்கலைக்கழக மாணவர் அணியின் ஆட்டத்தை.

அந்தக் கூட்டத்துக்குப் பின்னால் இருக்கும் காசு, வீரர்களுக்கு அனுமதி வந்த 2021 இல்தான் வந்து சேர்ந்தது என்று இல்லை. 1929 இலேயே கார்னகி அறக்கட்டளை ஓர் அறிக்கை வெளியிட்டது. கல்லூரிகள் வீரர்களுக்கு மறைமுகமாகப் படி அளப்பதை அது பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறது. 1984 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தொலைக்காட்சி உரிமையைக் கல்லூரிகள் தாங்களே விற்கலாம் என்று தீர்ப்பளித்த பிறகு மடை திறந்துவிட்டது. பயிற்றுநர்கள் மில்லியன் கணக்கில் வாங்கினார்கள். டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் 2023 நவம்பரில் ஜிம்போ ஃபிஷர் என்ற பயிற்றுநரை வீட்டுக்கு அனுப்புவதற்கு மட்டும் 75 மில்லியன் டொலருக்கு மேல் கொடுக்க ஒப்புக்கொண்டது. அண்ணை, வேலை செய்ததற்கான சம்பளம் இல்லை இது, வேலையை விட்டுப் போவதற்கான காசு. அப்போது உங்கள் ஊரில் ஆரும் புட்போல் செத்துப்போச்சு என்று எழுதினார்களோ தெரியாது.

உங்கள் கொலம்பஸ் நகரத்தின் கதையே எனக்குப் போதும். 2010 இல் ஒஹாயோ ஸ்டேட் வீரர்கள் சிலர் தாங்கள் வென்ற மோதிரங்களையும், மிச்சிகனை வென்றதற்குக் கிடைத்த சின்னத் தங்கக் காற்சட்டைப் பதக்கங்களையும் விற்றுக் காசும் பச்சை குத்தலும் வாங்கிவிட்டார்கள். தங்கள் சொந்தப் பொருளைத்தான் விற்றார்கள். ஐந்து பேருக்கு ஐந்து போட்டித் தடை. அதிலும் ஒரு வேடிக்கை: 2011 ஜனவரியில் நடந்த, ரிக்கற்றும் விளம்பரமும் குவிந்த சுகர் போல் ஆட்டத்தில் அவர்களை விளையாட விட்டுவிட்டுத் தண்டனையை அடுத்த பருவத்துக்குத் தள்ளிப் போட்டார்கள். பிறகு 2010 பருவத்தின் வெற்றிகளையே ஏட்டிலிருந்து அழித்தார்கள். விஷயம் தெரிந்தும் சொல்லாமல் விட்ட பயிற்றுநர் ஜிம் ட்ரெசல் பதவி விலகினார். அவர் 2025 இல் ஒஹாயோ மாநிலத்தின் உப ஆளுநர் ஆகியிருப்பதை நீங்கள் எழுதவில்லை; நான் எழுதிவைக்கிறேன்.

இப்போது அதே பல்கலைக்கழகம். 2024 பருவத்தில் அணியினருக்கு ஏறத்தாழ 20 மில்லியன் டொலர் போய்ச் சேர்ந்ததாக அவர்களின் விளையாட்டுத்துறைப் பணிப்பாளரே சொன்னார். 2025 ஜனவரியில் தேசியக் கிண்ணத்தையும் வென்றார்கள். 2010 இல் குற்றமாக இருந்தது இன்று வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு வரி.

எப்படி மாறியது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எட் ஓபனன் என்ற பழைய கூடைப்பந்து வீரர் தன் உருவம் ஒரு வீடியோ விளையாட்டில் விற்பனையாவதைக் கண்டு 2009 இல் வழக்குப் போட்டார். 2021 ஜூனில், வேறொரு வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதியரசரும் ஒரே குரலில் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ.க்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். அடுத்த மாதம் முதலாம் திகதி தொடக்கம் வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்கு விற்க அனுமதி வந்தது. 2025 ஜூனில் நீதிபதி கிளோடியா வில்கன் ஒப்புதல் அளித்த இணக்கத் தீர்வு கடைசிக் கதவையும் திறந்தது: ஒரு பல்கலைக்கழகம் தன் வீரர்களுக்கு நேரடியாக முதல் ஆண்டில் 20.5 மில்லியன் டொலர் வரை பகிரலாம். முன்பு விளையாடியவர்களுக்கு 2.8 பில்லியன் டொலர், பத்து வருஷத்தில். அந்த வழக்குக்குப் பெயர் கொடுத்தவர் கிராண்ட் ஹவுஸ் என்ற நீச்சல்காரர். பெரிய பல்கலைக்கழகங்களில் காசின் பெரும்பங்கு போவது புட்போலுக்கு. நீந்தியவன் வழக்காடினான், மோதியவன் வாங்கினான்.

இனி உங்கள் கவலைக்கு வருகிறேன். ஒவ்வொரு வருஷமும் அணியில் முகங்கள் புதிதாக இருக்கின்றன, ஆரையும் சொந்தமாக நினைக்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இதை நான் மறுக்கமாட்டேன். 2024 இலிருந்து ஒரு வீரன் எத்தனை தடவை வேண்டுமானாலும் பல்கலைக்கழகம் மாறி அடுத்த பருவமே விளையாடலாம். 2025 ஏப்ரலில் நிக்கோ இயமலியாவா என்ற முன்னணி வீரர் கூடுதல் தொகை கேட்ட பேச்சு முறிந்து டெனசியை விட்டு, யூ.சி.எல்.ஏ.க்குப் போனார். பதினேழு வயதுப் பொடியனை எடுத்து நான்கு வருஷம் வளர்க்கிற வேலை குறைந்து, வேறிடத்தில் வளர்ந்தவனை வாங்குகிற வேலை கூடிவிட்டது. சின்னக் கல்லூரிகள் நாற்றுமேடை ஆகிவிட்டன. இன்னொன்றும் நடந்தது, அதைப் பற்றிக் கத்துபவர்கள் குறைவு. அணிக்கு 105 பேர்தான் என்று வரம்பு வந்தபோது வெளியேற்றப்பட்டவர்கள் பெரும்பாலும் புலமைப்பரிசில் இல்லாமல் ஆசைக்காகச் சேர்ந்து, ஒரு போட்டியில் ஐந்து நிமிடம் இறங்கினாலே போதும் என்று இருந்த பொடியள். எனக்குக் கவலை அவர்களுக்காகத்தான்.

ஆனாலும் அண்ணை, பயிற்றுநர் பாதியில் வேறு பல்கலைக்கழகத்துக்கு ஓடுவது எத்தனை காலமாக நடக்கிறது? கலிபோர்னியா அணிகள் நியூஜேர்சிக்குப் பறந்து போய் விளையாடும்படி நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பசிபிக் கூட்டமைப்பைத் தொலைக்காட்சிப் பணத்துக்காக உடைத்தவர்கள் வீரர்களா? ஊர்ப்பற்றை முதலில் விற்றது மேசைக்குப் பின்னால் இருந்தவர்கள். பொடியன் கடைசியாகத்தான் விற்றான். பழி மட்டும் அவனுக்கு முதலில் வருகிறது.

நான் உங்களுக்குச் சொல்ல விரும்பியது வேறு இரண்டு பேரைப் பற்றி. ரே டெனிசன் என்பவர் 1955 இல் கொலராடோவில் ஃபோர்ட் லூயிஸ் கல்லூரிக்காக விளையாடும்போது தலையில் அடிபட்டு இறந்தார். வேலையில் இறந்தவருக்குரிய நட்டஈட்டை மனைவி கேட்டார். கல்லூரி புட்போல் தொழிலில் இல்லை, அவர் கல்லூரியின் பணியாளரும் இல்லை என்று 1957 இல் கொலராடோ உச்ச நீதிமன்றம் மறுத்தது. கென்ட் வால்ட்ரெப் 1974 இல் டெக்சாஸ் கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்துக்காக விளையாடிக் கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். 2000 ஆம் ஆண்டு டெக்சாஸ் நீதிமன்றம் அவருக்கும் அதையே சொன்னது. காசுக்கு விளையாடாத தூய விளையாட்டு என்று நாங்கள் கொண்டாடியது, நீதிமன்றத்தில் இப்படித்தான் பயன்பட்டது. 2025 தீர்வுகூட வீரனைப் பணியாளன் என்று ஏற்கவில்லை. விளையாடி முடிந்து இரண்டு வருஷம் வரை பழைய காயங்களுக்குக் காப்புறுதி தரும் ஏற்பாடு 2024 ஓகஸ்டில்தான் எல்லோருக்கும் வந்தது. மில்லியன்களைப் பற்றிய செய்திக்குக் கீழே இந்தச் செய்தி எங்கோ ஒரு மூலையில் கிடந்தது.

சரி, புத்தூருக்கு வாருங்கள்.

இங்கே கரப்பந்து என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. புத்தூர் கலைமதியும் ஆவரங்கால் அணிகளும் மோதினால் மீசாலை வீதியால் வருகிறவனும் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்ப்பான். கரப்பந்தில் ஓவர்கேம் முறையோ செற்றப் முறையோ, பரிசுத்தொகை அறிவித்த சுற்றுப்போட்டி என்றால் வெளியாள் இறக்குவது வழக்கம். இறக்கிய ஆளுக்குப் பெற்றோல் காசு, சாப்பாடு, கையில் கொஞ்சம். ஆரும் அதைச் சம்பளம் என்று சொல்வதில்லை; ஆரும் எழுதி வைப்பதுமில்லை. சாதாரண தரம் முடிந்ததும் நல்லாய் அடிக்கிற பொடியனுக்கு விடுகைப் பத்திரம் எடுத்துப் பெரிய பள்ளிக்கூடத்தில் இடம் கிடைப்பதும், சப்பாத்து வருவதும், விடுதிக் காசு தள்ளுபடியாவதும் நாங்கள் எல்லோரும் அறிந்த கதை. இதுவும் கொடுப்பனவுதான். ரசீது மட்டும் இல்லை.

1904 இல் தொடங்கிய வடக்கின் பெரும் சமர் என்ற துடுப்பாட்டப் போட்டியை எடுத்துப் பாருங்கள். சென் ஜோன்ஸும் மத்திய கல்லூரியும் ஆடும் அந்த நாட்களுக்குக் கனடாவிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் ஆட்கள் வந்து இறங்குகிறார்கள். பந்தல், பாண்ட், ரீசேட் எல்லாம் வருகின்றன. அந்த மத்திய கல்லூரியில் பந்துவீசி வளர்ந்த விஜயகாந்த் வியாஸ்காந்த் 2020 இல் லங்கா பிரீமியர் லீக்கில் யாழ்ப்பாண அணிக்கு இறங்கி, 2024 இல் ஐ.பி.எல். வரை போனார். அவருக்கு ஒப்பந்தம் என்ற ஒரு கடதாசி கிடைத்தது. அந்த லீக்கைப் பற்றி ஒன்று: யாழ்ப்பாணத்தின் பெயரில் கிண்ணம் கிண்ணமாக வென்ற அணி யாழ்ப்பாண மண்ணில் ஒரு லீக் போட்டிகூட ஆடியதில்லை. உங்கள் அணியில் முகங்கள் மாறுகின்றன என்று கவலைப்படுகிறீர்கள்; எங்களுக்கு முகம் தெரிந்தது, மைதானம்தான் வேறு ஊரில்.

வியாஸ்காந்த் துடுப்பாட்டக்காரர். கரப்பந்துக்கும் ஓட்டத்துக்கும் இந்த நாட்டில் மாதச் சம்பளம் கொடுப்பவை பெரும்பாலும் முப்படையும் பொலிஸும். அந்த வாசல் வழியாக எங்கள் பொடியள் ஏன் இலகுவில் போகமாட்டார்கள் என்பதை உங்கள் வயதுக்காரருக்கு விளக்கத் தேவையில்லை. பெட்டையளின் பாடு இன்னும் இறுக்கம். மகாஜனாக் கல்லூரியில் வளர்ந்த அனித்தா ஜெகதீஸ்வரன் கோலூன்றிப் பாய்தலில் தேசிய சாதனையைத் தானே திரும்பத் திரும்ப முறியடித்துக்கொண்டு போனார். அவரைப்போல இன்னொருத்தி வந்தால் அவள் உயர்தரம் முடித்த பிறகு எந்தக் காசில் பயிற்சி செய்வாள்? உங்கள் குழுவில் பேசப்பட்ட இரண்டு பேரும் பொடியள்தான் என்பதையும் கவனித்தேன்.

அந்த இரண்டு பேரில் ஒருவன் விடியப்புறம் வெங்காயத்துக்குத் தண்ணி மாறிவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போகிறான் என்று ரொறன்ரோக்காரர் எழுதியிருக்கிறார்கள். பின்னேரம் பயிற்சி. இரவு படிப்பு. கூலிக்குப் போகவேண்டிய சனி ஞாயிறுகளில் போட்டி. அவனுக்கு விளையாட்டு இலவசமாக நடக்கிறது என்று நினைக்கிறீர்களா? ஒவ்வொரு சனிக்கிழமையும் அவன் வீடு ஒரு நாட்கூலியைப் பள்ளிக்கூடத்துக்கு அன்பளிப்புச் செய்கிறது. சங்கத்தில் எவரும் இவ்வளவு ஒழுங்காகச் சந்தா கட்டுவதில்லை.

ஆகவே கொடுங்கள் என்கிறேன். ஆனால் ரொறன்ரோக்காரர் சொல்கிற மாதிரிக் கொடுக்கவேண்டாம். ஓர் அண்ணை தன் சொந்தக் கணக்கிலிருந்து தனக்குப் பிடித்த பொடியனுக்கு அனுப்புவதுதான் அமெரிக்காவில் ஆதரவாளர் சங்கங்கள் செய்த வேலை. 1987 இல் டல்லஸ் நகரின் சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகம் அப்படிப்பட்ட கள்ளக் கொடுப்பனவுகளால் ஒரு பருவத்தையே இழந்தது. காசு பள்ளிக்கூட அபிவிருத்திச் சங்கக் கணக்குக்குப் போகட்டும். அதிபரும் தகப்பனோ தாயோ ஒருவரும் கையெழுத்து வைக்கட்டும். தொகை வெற்றி தோல்வியோடு ஏறி இறங்கக்கூடாது. தோற்ற மாதமும் வெங்காயத்துக்குத் தண்ணி மாறத்தான் வேண்டும். அவன் வேறு பள்ளிக்கூடத்துக்குப் போக நினைத்தால் போகட்டும், கொடுத்ததைத் திருப்பிக் கேட்கவேண்டாம். சங்கத்தில் இதற்குத்தான் கூடுதல் எதிர்ப்பு வரும், சொல்லி வைக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் காயம். பாய்ந்து அடித்துவிட்டு இறங்கும்போது முழங்கால் முறுகினால் யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக்குக் காசு கேட்கமாட்டார்கள். மாணவர் காப்புறுதியான சுரக்ஷாவும் இருக்கிறது. ஆனால் அதன்பிறகு நடக்கப் பழகும் மாதங்கள், போகவரும் ஓட்டோக் காசு, தோட்டத்தில் அவனுக்குப் பதிலாகப் பிடிக்கும் கூலியாள் ஆகியவற்றுக்கு எந்தப் படிவமும் இல்லை. உயர்தரப் பரீட்சை கழிந்து பள்ளிக்கூடத்தை விட்டு விலகியபின் அந்தக் கால் அவனுடைய தனிப்பட்ட பிரச்சினை ஆகிவிடும். மாதத் தொகையைப் பாதியாகக் குறைத்தாலும் பரவாயில்லை, மற்றப் பாதியைக் காயத்துக்கென்று ஒதுக்கி, விலகிய பின்னரும் இரண்டு வருஷம் எடுக்கலாம் என்று எழுதுங்கள். டெனிசன் இறந்து ஏறத்தாழ எழுபது வருஷம் கழித்து என்.சி.ஏ.ஏ. செய்ததை நீங்கள் முதல் கூட்டத்திலேயே செய்யலாம்.

அடுத்த கூட்டம் ஞாயிறு என்று எழுதியிருந்தீர்கள். எதிர்த்து வாக்களிப்பதானால் அளியுங்கள். அதற்கு முன் இந்தக் காய நிதித் திருத்தத்தை நீங்களே முன்மொழியுங்கள். நீங்கள் சொன்னால் ரொறன்ரோக்காரர் மறுக்கமாட்டார்கள். பெட்டையளின் அணிக்கும் அதே விதி என்பதை மறக்காமல் சேர்த்துவிடுங்கள்.

அன்புடன்,
புத்தூரிலிருந்து உங்கள் தம்பி